மோட்டார்ஹோமில் நாற்றம்: மருந்து வாங்கும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

இந்த வழிகாட்டி அமெரிக்கா, கனடா சாலைகளில் ஓடும் மோட்டார்ஹோம்களுக்கானது. சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் போய்ச் சேர கிரே டேங்க் ஒன்று, டாய்லெட்டுக்குக் கீழே பிளாக் டேங்க் ஒன்று என இரண்டு தொட்டிகள் வண்டியின் அடியில் தொங்கும் வகை. சொந்த வண்டியானாலும் விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்ததானாலும் வேலை ஒன்றுதான்.

பிளாக் டேங்க் நாறத்தான் செய்யும். அதில் இருப்பது அப்படி. அந்த வாடை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விட வேண்டும், அவ்வளவுதான். உள்ளே வருகிறது என்றால் நடுவில் எங்கோ ஒரு தடுப்பு திறந்து கிடக்கிறது. அந்தத் தடுப்பு பெரும்பாலும் ஒரு குவளைத் தண்ணீராகவோ ஒரு ரப்பர் வளையமாகவோதான் இருக்கும். புதிதாக வண்டி எடுத்தவர்கள் வாடை வந்ததும் கடைக்கு ஓடி, டேங்கில் ஊற்றும் நீல மருந்து பாட்டிலோடு திரும்புகிறார்கள். நானும் ஒரு கோடை முழுக்க அதைத்தான் செய்தேன். மருந்து எந்த ஓட்டையையும் அடைக்காது.

அதனால் இங்கே செலவில்லாத சோதனைகள் முதலில், ஏணி ஏற வேண்டியவை அப்புறம், காசு கொடுத்து வாங்குபவை கடைசியில். ஒரு படியை முடித்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி மூன்றையும் செய்வீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

தூக்கி எறியும் கையுறை ஒரு பெட்டி, டார்ச், பழைய டூத்பிரஷ், வாளி, டிஷ்யூ பேப்பர், டெஃப்லான் டேப், சிலிக்கோன் கிரீஸ். வாசலின் வேண்டாம். பெட்ரோலியத்தில் செய்த எதுவும் ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும். இன்று வழுவழுப்பாக இருக்கும், ஆறு மாதத்தில் அந்த வளையத்தையே மாற்ற வேண்டி வரும்.

டேங்க் கழுவுவதற்கென்றே தனியாக ஒரு தண்ணீர் ஹோஸ் வையுங்கள். குடிதண்ணீர் ஹோஸ் வெள்ளை என்றால் இது வேறு நிறம். இரண்டையும் ஒரே அறையில் போடாதீர்கள். இருட்டில், மழையில், அவசரத்தில் மாறிப் போகும்.

ஊதுபத்தி, சாம்பிராணி, வாசனை ஸ்பிரே எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். வாடை எங்கிருந்து வருகிறது என்று மூக்குதான் சொல்ல வேண்டும், அதை நாமே குழப்பக் கூடாது. நெருப்பு ஏன் கூடாது என்பதற்கு அடுத்த படியைப் பாருங்கள்.

2. முதலில் இது சாக்கடை வாடைதானா?

டேங்கிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல் இருக்கும். ஆனால் அதே மாதிரி நாறுவது வண்டியில் இன்னும் இரண்டு இருக்கின்றன.

ஒன்று புரொபேன். அதற்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படியும். உங்கள் வண்டியின் கேஸ் டிடெக்டர் தரைக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டிருப்பது அதனால்தான். சந்தேகம் வந்தால் எல்லோரும் வெளியே இறங்குங்கள், சிலிண்டரின் வால்வை மூடுங்கள், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், உள்ளே சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். கேஸ் இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்னொன்று பேட்டரி. தண்ணீர் ஊற்றும் வகை லெட்-ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் அதுவும் ஹைட்ரஜன் சல்பைடை விடும். டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் முதல் பயணத்தில் பிக் பெண்ட் போகும் வழியில் அழைத்தார். “அண்ணே, பிளாக் டேங்கை ரெண்டு தடவை கழுவிட்டேன், இன்னும் நாறுது” என்றார். எந்த நேரத்தில் என்று கேட்டேன். கரண்ட் பிளக் போட்டால்தான் வருகிறதாம். பேட்டரிப் பெட்டி இருந்த படிக்கட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், சுட்டது. பேட்டரி சூடாக இருந்தால், உப்பியிருந்தால், சார்ஜரைத் துண்டித்துவிட்டு விலகி நில்லுங்கள். ஆறிய பிறகு பேட்டரி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் சாக்கடை வாடைதான். அதிலும் ஓர் எச்சரிக்கை: ஹைட்ரஜன் சல்பைடு அளவு ஏறும்போது மூக்கு மரத்துப் போகும். “முதலில் நாறியது, இப்போது பரவாயில்லை” என்றால் வாடை போய்விட்டது என்று அர்த்தமில்லை. வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப வந்து முகருங்கள்.

3. எப்போது, எங்கே வருகிறது என்று குறித்து வையுங்கள்

ஒரு நாள் போதும். பேப்பரில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

பல வாரம் சும்மா நின்ற வண்டியைத் திறந்ததும் வாடை என்றால் சிங்க் அல்லது ஷவர் டிராப் காய்ந்திருக்கும். சிங்கில் தண்ணீர் விட்ட சில நொடிகளில் வந்தால் சிங்குக்கு அடியில் உள்ள காற்று வால்வு. டாய்லெட் பெடலை மிதிக்கும்போது மட்டும் என்றால் ஃபேன் அல்லது கூரைக் குழாய். ஓடும்போது வந்து, நின்றதும் குறைந்தால் மேலே கூரைக் குழாயையும் (வென்ட்) ஜன்னல்களையும் கவனியுங்கள். சுடுதண்ணீரில் மட்டும் வந்தால் டேங்குக்குச் சம்பந்தமே இல்லை. நேராக 10-ஆம் படிக்குப் போய்விடலாம்.

4. டிராப்களில் தண்ணீர் ஊற்றுங்கள்

ஒவ்வொரு சிங்குக்கும் ஷவருக்கும் அடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும், பி-டிராப் என்பார்கள். அந்த வளைவில் சுமார் 2 அங்குல உயரம் தண்ணீர் தங்கி நிற்கும். டேங்குக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் உள்ள சுவர் அந்தத் தண்ணீர்தான். வீட்டில் அது காய நாளாகும். வண்டியிலோ வளைவில் ஓடும்போது தளும்பிப் போகும், அரிசோனா மாதிரி வறண்ட இடத்தில் நிறுத்தினால் வேகமாக ஆவியாகும். ஷவருக்கு அடியில் இடம் குறைவு, டிராப்பும் ஆழம் குறைவு. அதுதான் முதலில் காயும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு குவளை ஊற்றுங்கள். சிங்க் இரண்டு தொட்டி உடையது என்றால் இரண்டிலும். வாஷிங் மெஷினுக்கென்று குழாய் இணைப்பு உள்ள வண்டிகளில் மெஷினே வாங்காதவர்கள் நிறையப் பேர். அந்த வடிகுழாயின் டிராப்பில் தண்ணீர் விழ வழியே இல்லை. அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் அதை யாரும் நினைப்பதில்லை. மாதக்கணக்கில் தேடிய வாடை அங்கே இருந்ததை நான் இரண்டு வண்டிகளில் பார்த்தாயிற்று. அதிலும் இரண்டு குவளை ஊற்றுங்கள், அல்லது ரப்பர் மூடி போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து வளைவின் அடியைப் பாருங்கள், டிஷ்யூவால் இணைப்புகளைத் தொடுங்கள். ஈரம் ஒட்டினால் நட் தளர்ந்திருக்கிறது. சாலை அதிர்வில் இது சகஜம். கையால் இறுக்கினால் போதும். பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனர் போட்டுத் திருகினால் பிளந்துவிடும்.

சில புது வண்டிகளில் வளைவே இருக்காது, நேரான குழாய் போல ஒரு வால்வு இருக்கும். உள்ளே ஒரு சிலிக்கோன் சவ்வு. தண்ணீர் வந்தால் விரியும், போனதும் மூடிக்கொள்ளும். அதில் தண்ணீர் ஊற்றி வைக்கத் தேவையில்லை. முடியோ உணவுத் துணுக்கோ சவ்வில் மாட்டியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அடைப்பெடுக்கும் கம்பியை மட்டும் உள்ளே விடாதீர்கள், சவ்வு கிழியும்.

5. சிங்குக்கு அடியில் உள்ள காற்று வால்வு

அலமாரிக் கதவைத் திறந்தால் டிராப்புக்கு மேலே, கறுப்பு அல்லது வெள்ளை மூடி போட்ட சிறு குழாய் ஒன்று நிற்கும். தண்ணீர் வேகமாக இறங்கும்போது அது திறந்து காற்றை உள்ளிழுக்கும். இல்லாவிட்டால் இறங்கும் தண்ணீர் டிராப்பில் உள்ளதையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். தண்ணீர் நின்றதும் உள்ளே உள்ள ரப்பர் தகடு மூடிக்கொள்ள வேண்டும்.

வண்டியோடு வரும் மலிவான வால்வில் அந்த ரப்பர் சில வருடத்தில் விறைத்துப் பாதி திறந்தபடி நின்றுவிடுகிறது. என் அனுபவத்தில் டிராப்புக்கு அடுத்து அதிகம் குற்றவாளியாக மாட்டுவது இதுதான், அதிகம் பேர் கேள்விப்படாததும் இதுதான்.

சோதனை எளிது. சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். முழுக்க இறங்கியதும் மூடிக்குப் பக்கத்தில் மூக்கை வையுங்கள். வாடை அடித்தால் இடமாகக் கையால் திருகிக் கழற்றி, புது வால்வின் மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றிப் பொருத்துங்கள். மரை பெரும்பாலும் ஒன்றரை அங்குலம். பழையதைக் கடைக்கு எடுத்துப் போய்விடுவது நல்லது. பசை போட்டு ஒட்டாதீர்கள், அடுத்த முறை குழாயை அறுக்க வேண்டி வரும். சிலர் நாறுகிறதே என்று மூடியின் மேல் டேப் சுற்றி அடைத்துவிடுகிறார்கள். வாடை ஒரு நாள் நிற்கும். பிறகு காற்றுக்கு வழியில்லாமல் தண்ணீர் களகளவென்று இறங்கி டிராப்பைக் காலி செய்யும், நாற்றம் சிங்கின் வாய் வழியாகவே வரும்.

6. டாய்லெட்: கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா?

மோட்டார்ஹோம் டாய்லெட்டில் வீட்டில் உள்ளது போன்ற வளைவு கிடையாது. பெடலை மிதித்தால் ஒரு பந்தோ தகடோ விலகும், கீழே நேராக டேங்க். விட்டதும் அது ஒரு ரப்பர் சீலில் வந்து அமரும். அதன் மேல் நிற்கும் ஓர் அங்குலத் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கிறது.

இரவு படுக்கும் முன் கிண்ணத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, யாரும் பயன்படுத்தாமல் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் சீல் கசிகிறது. பெரும்பாலும் ரப்பர் கெட்டிருக்காது. உதட்டுக்கு அடியில் பேப்பர் துணுக்கு மாட்டியிருக்கும். தண்ணீர்ப் பம்பை அணைத்து, கையுறை போட்டு, ஒருவர் பெடலை மிதித்தபடி இருக்க இன்னொருவர் டூத்பிரஷால் உதட்டுக்கு மேலும் கீழும் சுற்றித் தேயுங்கள். துடைத்துவிட்டு சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சாக. மறுபடி இரவுச் சோதனை. அப்போதும் இறங்கினால் சீல் மாற்ற வேண்டும். சில மாடல்களில் மேலிருந்தே கையால் எடுக்கலாம், சிலவற்றில் டாய்லெட்டையே கழற்ற வேண்டும். மாடல் எண்ணைப் பார்த்து அதற்குரிய சீல் வாங்குங்கள்.

தண்ணீர் நிற்கிறது, ஆனால் டாய்லெட்டின் அடிப்பாகத்தைச் சுற்றித் தரையில் வாடை என்றால் கீழே உள்ள கேஸ்கெட். வீடுகளில் இங்கே மெழுகு வளையம் போடுவார்கள். வண்டியில் அதிர்வுக்கு அது தாங்காது, ரப்பர்தான். முதலில் இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கிப் பாருங்கள். பாதி நேரம் அதோடு சரியாகிவிடும்.

7. பாத்ரூம் ஃபேன்

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது பாத்ரூமுக்குள் நுழைந்ததும் ஃபேனைப் போடுவார். வீட்டில் நல்ல பழக்கம். வண்டியில் நேர் எதிர். ஜன்னல்கள் மூடிய சிறு அறையில் ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வர வேண்டும். பெடலை மிதித்த நொடியில் மிக எளிதான வழி டேங்க். கூரைக் குழாய் வழியாக வெளியே போக வேண்டிய காற்று தலைகீழாக உங்கள் முகத்துக்கு வருகிறது.

ஃபேனை அணைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள், மூடியைப் போட்டு, அப்புறம் ஃபேன். சந்தேகமிருந்தால் ஒரு டிஷ்யூத் துண்டைக் கிண்ணத்தின் வாயில் பிடித்து பெடலை மிதித்துப் பாருங்கள். மேலே பறந்தால் ஃபேன் இழுக்கிறது. கூரையில் உள்ள எல்லா ஃபேன்களுக்கும் இது பொருந்தும். சமையலறையில் ஓடும் எக்ஸாஸ்ட் கூடப் பாத்ரூம் கதவு திறந்திருந்தால் இதைச் செய்யும். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது நல்லது.

வாடகை வண்டி எடுத்தவர்களுக்கு இந்த ஒரு படி போதும். முக்கால்வாசிப் பேருக்குப் பயணம் முழுக்க வேறு எதுவும் செய்யத் தேவைப்பட்டதில்லை.

8. கூரைக்கு ஏறுவது

இதுவரை எதுவும் சரியாகவில்லை என்றால்தான் ஏணி. பனி ஈரம் உள்ள காலையில் ஏறாதீர்கள், ரப்பர் கூரை சோப்பு போல வழுக்கும். பின்னால் உள்ள ஏணி எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும், பார்த்துவிட்டு ஏறுங்கள்.

வென்ட் குழாய் மேலே ஒரு சிறு தொப்பி போட்டு நிற்கும். தொப்பியைக் கழற்றி டார்ச் அடித்தால் மூன்றில் ஒன்று தெரியும்.

அடைப்பு. குளவிக் கூடு, இலை, பறவைக் குச்சிகள். ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். தேங்கி மேலே வந்தால் அடைப்புதான். விடுவதற்கு முன் டேங்க் காலியாக இருக்கட்டும்.

இரண்டாவது, இடைவெளி. குழாய்க்கும் கூரையில் போட்ட ஓட்டைக்கும் நடுவே சந்து இருந்தால், அல்லது குழாய் கூரை மட்டத்துக்கு வராமல் கீழேயே நின்றுவிட்டால், தொப்பிக்கு அடியில் சேரும் வாடை கூரைக்கும் உள்தளத்துக்கும் நடுவே பரவி விளக்கு ஓட்டைகள் வழியாக இறங்கும். டாய்லெட்டுக்குச் சம்பந்தமில்லாத படுக்கையறையில் நாறும் மர்மங்கள் பல இப்படித்தான். சந்தை நுரை வைத்து அடைத்து, குழாய் குட்டையாக இருந்தால் இணைப்புப் போட்டு நீட்டுங்கள்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். குழாய் சரிந்து டேங்குக்குள் இறங்கியிருக்கும். அது டேங்கின் மேல் மட்டத்தோடு நிற்க வேண்டும். சில அங்குலம் உள்ளே போய்விட்டால், டேங்க் நிரம்பும்போது குழாயின் வாய் கழிவுக்குள் மூழ்கி மூடிக்கொள்ளும். காற்றுக்கு மிச்சமுள்ள ஒரே வழி டாய்லெட். டேங்க் காலியாக இருக்கும்போது வாடையே இல்லை, பாதிக்கு மேல் போனதும் பெடலை மிதித்தால் குமிழி சத்தத்தோடு ஏப்பம் விடுகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். குழாயைப் பிடித்து மேலே இழுத்தால் வரும். இழுத்த நிலையில் அசையாமல் பிடிப்புப் போட வேண்டும்.

தொப்பியைத் திரும்பப் பொருத்தும்போது கூரைக்குரிய லேப் சீலன்ட் போடுங்கள். கையில் இருக்கும் பாத்ரூம் சிலிக்கோனைப் பூசினால் ரப்பர் கூரையில் ஒழுங்காக ஒட்டாது. வாடை போய் மழை வரும்.

9. டேங்குகள்: காலி செய்யும் வரிசையும் கழுவும் முறையும்

வாசல்களையெல்லாம் அடைத்தாயிற்று. இனி டேங்க்.

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு கேம்ப்கிரவுண்டில்தான். சாக்கடை இணைப்போடு இடம் கிடைத்ததும் ஹோஸை மாட்டி இரண்டு வால்வுகளையும் திறந்து விட்டுவிடுவார்கள், வீடு மாதிரி. தண்ணீர் உடனே ஓடிவிடும். திடக்கழிவும் பேப்பரும் டாய்லெட்டுக்கு நேர் கீழே குவியும், காயும், கோபுரமாகும். அதன் பிறகு எந்த மருந்துக்கும் கரையாது. பிளாக் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகுதான் திறக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் எடையும் வேகமும்தான் திடப்பொருளை இழுத்துக்கொண்டு போகும். பயணத்தின் கடைசி நாளில் டேங்க் கால்வாசிதான் என்றால், தண்ணீர் விட்டு நிரப்பிவிட்டுத் திறங்கள்.

கிரே வால்வும் மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் கேம்ப்கிரவுண்டின் சாக்கடை வாயு ஹோஸ் வழியாக உங்கள் டேங்குக்கு ஏறும், சின்ன ஈக்களும் ஏறும். பல வாரம் ஒரே இடத்தில் தங்குபவர்கள் கிரேயைத் திறந்து வைத்தே ஆக வேண்டும் என்றால், ஹோஸின் நடுவில் ஒரு வளைவு எழுப்பிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள். பெரிய அளவு பி-டிராப், அவ்வளவுதான்.

காலி செய்யும் வரிசை இது. கையுறை. வால்வுகள் இரண்டும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அடியில் வாளி வைத்து மூடியைக் கழற்றுங்கள். அங்கேயே கழிவு வழிந்தால் வால்வின் சீல் கசிகிறது என்று தெரிந்துவிடும். வெளியே வரும் வாடைக்குக் காரணம் அதுதான். ஹோஸை வண்டியில் பூட்டி, மறுமுனை சாக்கடை வாயில் உறுதியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். முதலில் பிளாக், ஓசை நிற்கும் வரை. பிளாக்கை மூடிய பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸைக் கழுவிவிடும். மாற்றிச் செய்தால் ஹோஸுக்குள் பிளாக் கழிவே தங்கும், அதை மடித்து வண்டி அறையில் வைத்துவிட்டு நாற்றம் எங்கே என்று தேடுவீர்கள். ஹோஸின் இரு முனைக்கும் மூடி போட்டே வையுங்கள்.

கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் குடிக்கத் தகாதது என்று எழுதிய குழாய் ஒன்று இருக்கும். கழுவ அதை மட்டும் பயன்படுத்துங்கள். குடிதண்ணீர்க் குழாயில் கழிவு ஹோஸைக் காட்டவே கூடாது.

எல்லாம் முடிந்ததும் டாய்லெட் வழியாகச் சுமார் 15 லிட்டர் தண்ணீரை பிளாக் டேங்கில் விடுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். காலி டேங்கின் தரையில் விழும் முதல் கழிவு ஒட்டிக்கொண்டால் கோபுரத்துக்கு அஸ்திவாரம் அதுதான். பயன்படுத்தும்போதும் தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம். பேப்பர் கரையுமா என்று தெரிய, ஒரு ஜாடித் தண்ணீரில் நாலு தாள் போட்டுக் குலுக்குங்கள். நார் நாராகப் பிரிந்தால் சரி.

ஏற்கெனவே ஒட்டிப்போன டேங்க் என்றால், அல்லது காலி செய்த பிறகும் சென்சார் பாதி என்று காட்டினால், ஊற வைக்க வேண்டும். டேங்கை முக்கால் அளவு தண்ணீரால் நிரப்பி, என்சைம் மருந்தை அதன் லேபிள் சொல்லும் கூடுதல் அளவில் போட்டு, மூன்று நாள் விடுங்கள். நடுவில் கொஞ்சம் ஓட்டினால் இன்னும் நல்லது, குலுங்கும். காலி செய்து, உள்ளே சுழன்று பீச்சும் கம்பியை டாய்லெட் வழியாக விட்டு, வெளியே தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுங்கள். கண்ணாடி போன்ற முழங்கைக் குழாய் ஒன்றை ஹோஸுக்கு முன் மாட்டினால் தெளிவது கண்ணுக்குத் தெரியும். ஐஸ் கட்டி போட்டு ஓட்டினால் தேய்த்துக் கழுவும் என்பார்கள். நான் இரண்டு மூட்டை போட்டுப் பார்த்தேன். ஐஸ் கரைந்தது, கழிவு இருந்தது.

வண்டியின் பக்கவாட்டில் டேங்க் கழுவ ஹோஸ் மாட்டும் வாய் இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் பிளாக் வால்வைத் திறந்து வைத்து. மூடி வைத்துக் கழுவுவதானால் பக்கத்தில் டைமரோடு நில்லுங்கள். நிமிடத்துக்கு 4 கேலன் வரும் குழாய் 40 கேலன் டேங்கைப் 10 நிமிடத்தில் நிரப்பும். அதற்குப் பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் டாய்லெட் வழியாக அறைக்குள் வரும், இல்லாவிட்டால் கூரைக் குழாய் வழியாக. போனில் பேசிக்கொண்டே மறந்தவர்களுக்கு நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

கிரே டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை, குறிப்பாக நம் சமையல் செய்பவர்களுக்கு. தாளித்த எண்ணெய், சாம்பார் வண்டல், அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதில்தான் போகின்றன. மூடிய தொட்டியில் வெயிலில் இரண்டு நாள் இருந்தால் பிளாக் டேங்கே தேவலை என்று ஆகிவிடும். தட்டையும் வாணலியையும் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், சிங்கில் மெல்லிய வலை போடுங்கள். கிரே ஏற்கெனவே நாறினால் அரை டேங்க் தண்ணீரில் நாலைந்து மூடி பாத்திர சோப்பு கலந்து, ஒரு நாள் ஓட்டிவிட்டுக் காலி செய்யுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் இணைப்புகள் இளகும்.

10. சுடுதண்ணீரில் மட்டும் முட்டை நாற்றம்

குளிர்ந்த தண்ணீர் சுத்தமாக இருந்து சுடுதண்ணீர் மட்டும் நாறினால் ஹீட்டர்தான். தண்ணீரில் உள்ள சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியா, ஹீட்டருக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கோலோடு சேர்ந்து இந்த வாயுவை உண்டாக்குகிறது.

ஹீட்டரின் கேஸ், கரண்ட் இரண்டையும் அணைத்து, பல மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் வரவையும் பம்பையும் நிறுத்தி, அழுத்த வால்வைத் திறந்து அழுத்தம் போன பிறகுதான் அடிமரையை, அதாவது தண்ணீரை வடிக்க ஹீட்டரின் அடியில் உள்ள மரை மூடியை, கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். சபர்பன் வகை ஹீட்டரில் அடிமரையோடு கோல் வெளியே வரும். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள், நாற்றம் திரும்பத் திரும்ப வந்தால் அலுமினிய-துத்தநாகக் கோலாக. அலுமினியத் தொட்டி உள்ள ஹீட்டர்களுக்குக் கோலே கிடையாது, சாதாரண அடைப்பான்தான். அதில் கோல் பொருத்த முயல வேண்டாம்.

பிறகு குடிதண்ணீர் அமைப்பு முழுவதையும் குளோரின் கலந்து சுத்தம் செய்யுங்கள். 15 கேலன் கொள்ளளவுக்கு கால் கப், அதாவது 60 மில்லி, மணம் சேர்க்காத வீட்டு பிளீச். தண்ணீரில் கரைத்து குடிதண்ணீர் டேங்கில் விட்டு நிரப்பி, ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாடை வரும் வரை திறந்துவிடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும், காலையில் வாடை போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

அதே பிளீச்சை பிளாக் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு உண்டாகும்.

11. இப்போது மருந்து

இத்தனைக்கும் பிறகு மருந்து பயன்படும், வாடையின் அளவைக் குறைக்க. இரண்டு வகை. பாக்டீரியாவைக் கொல்பவை, பாக்டீரியாவை வளர்த்துக் கழிவைக் கரைப்பவை. ஃபார்மால்டிஹைடு போன்றவை முதல் வகை. கேம்ப்கிரவுண்டின் செப்டிக் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியாவையும் அவை கொன்றுவிடும். கலிபோர்னியாவில் மோட்டார்ஹோம் டேங்க் மருந்துகளில் ஃபார்மால்டிஹைடுக்குத் தடை உண்டு. இரண்டாவது வகையை வாங்குங்கள். அதற்குத் தண்ணீர் வேண்டும்; காலி டேங்கில் மருந்தை மட்டும் ஊற்றினால் பயனில்லை. முதல் 15 லிட்டரோடு சேர்த்துப் போடுங்கள். இரண்டு வகையையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள், ஒன்று இன்னொன்றைக் கொல்லும்.

12. பல வாரம் நிறுத்தி வைக்கும் முன்

இரண்டு டேங்கையும் காலி செய்து கழுவுங்கள். பாதி நிரம்பிய பிளாக் டேங்கோடு வண்டியை நிறுத்திவிட்டுப் போவது, அடுத்த பயணத்தின் முதல் இரண்டு நாளை இந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு ஒதுக்குவது.

டாய்லெட் சீலுக்கு சிலிக்கோன் கிரீஸ். டிராப் ஒவ்வொன்றிலும், வாஷிங் மெஷின் குழாய் உட்பட, ஒரு கப் பிங்க் நிற ஆன்டிஃபிரீஸ்; டாய்லெட் கிண்ணத்திலும் கொஞ்சம். தண்ணீரைவிட மெதுவாக ஆவியாகும், குளிரில் உறைந்து குழாயை உடைக்காது. மோட்டார்ஹோம் குழாய்களுக்கென்று விற்கும் புரோபிலீன் கிளைகால் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறத்தது விஷம். சமையல் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றினால் ஆவியாகாது என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் இரண்டு மாதத்தில் அந்த எண்ணெயே சிக்குப்பிடித்து நாறும்.

சிங்க், ஷவர் வாய்களுக்கு மூடி போட்டுவிட்டு, எந்தத் தேதியில் ஊற்றினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். அரிசோனா, நெவாடா மாதிரி இடமென்றால் கோடையில் மாதம் ஒரு முறை போய் டார்ச் அடித்துப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி ஊற்ற வேண்டும்.